மாதம் 10,000 ரூபாய்: பொட்டலமா, தங்குமிடமா, வாடகை பாக்கியா?

எங்கள் தெருவில் நாற்பது வீடுகள் சேர்ந்து மாதம் ஆளுக்கு 250 ரூபாய் போடுகிறோம். ஆக 10,000. ஆறு வருடமாக அந்தப் பணம் அமாவாசைச் சாப்பாட்டுக்குப் போனது. தெருவிலேயே சமைத்து 200 பொட்டலம் கட்டி, சேலம் பழைய பேருந்து நிலையம், பெரியாஸ்பத்திரி வாசல், ஜங்ஷன் ரயில் நிலையம் என்று மூன்று வண்டியில் பிரிந்து போய்க் கொடுத்துவிட்டு வருவோம். மிஞ்சுவதைச் சேர்த்து வைத்து மார்கழியில் போர்வை. இந்த வருடம் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "ஆறு வருசமா குடுக்குறோம். இதுல ஒருத்தராவது ரோட்ட விட்டு எந்திரிச்சு ஒரு வீட்டுக்குப் போயிருக்காங்களா?" யாரிடமும் பதில் இல்லை.

அன்றைக்கு நான்கு யோசனைகள் வந்தன. பொட்டலத்தையே தொடரலாம் என்றார்கள் சிலர். வீடில்லாதவர்கள் இரவில் தங்க ஓர் இடம் நடத்தலாம், முடியாவிட்டால் ஏற்கனவே நடக்கும் ஒன்றுக்கு உதவலாம் என்றார் ஒருவர். வாடகை கட்ட முடியாமல் வீட்டை இழக்கப்போகிற குடும்பத்துக்கு அந்தப் பாக்கியைக் கட்டலாம் என்பது மூன்றாவது. பணம் கிடக்கட்டும், ஆதார், பென்ஷன், மனு என்று கூடவே அலைய ஆள்தான் வேண்டும் என்பது நான்காவது. எதற்கு என்ன செலவாகும், யாருக்கு எது பயன்படும் என்று விசாரித்து வர மூன்று மாதம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற தெருக்காரர்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் பொட்டலம். ஓர் அமாவாசை ராத்திரி ஒன்பதரை மணிக்கு, பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடைப் படியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரிசையாக நான்கு பொட்டலம். இரண்டு தக்காளி சாதம், ஒரு தயிர் சாதம், ஒன்று பிரிக்கவே இல்லை. ஐந்தாவதாக என்னுடையதை நீட்டினேன். "வெச்சுட்டுப் போ கண்ணு" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு அதே படிக்குப் போனேன். பக்கத்தில் ஒன்றும் இல்லை. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ரேஷன் கார்டும் ஆதாரும், அடியில் இரண்டு சேலை.

"சோறு எப்படியாச்சும் கெடைச்சுடுது. இந்தப் பைய வைக்கத்தான் எடமில்ல. குளிக்கப் போனா இத யாரு பாத்துக்குவா?"

ஒருமுறை பையை வெளியே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்த் தொலைத்திருக்கிறார். அந்தக் கார்டுகளைத் திரும்ப வாங்க ஒரு வருடம் ஆனதாம். அதிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறைதான் குளியல், அதுவும் தெரிந்த பூக்காரம்மா கடையில் இருக்கும் நாளில் மட்டும். ஆறு வருடமாக அவர் முன்னால் போய் நின்றிருக்கிறோம். ஒருநாளும் இதைக் கேட்டதில்லை.

பொட்டலத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கார்டு கேட்காது, ஊர் கேட்காது, பசித்த நேரத்துக்கு வயிறு நிறையும். ஆனால் எல்லாக் குழுக்களும் ஒரே நாட்களில் வந்து குவிகிறோம். அமாவாசை, வெள்ளிக்கிழமை, தலைவர்கள் பிறந்தநாள், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாட்களில் சாப்பாடு தரையில் கிடக்கும். மற்ற நாட்களில் தெரு காலி. இன்னொன்று, எங்கள் பொட்டலம் ஒன்றுக்கு 40 ரூபாய் ஆகிறது. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. காலையில் ஐந்து இட்லி, மதியம் இரண்டு சாதமும் என்றால் 13 ரூபாய். ஒரு பொட்டலக் காசில் ஒருவர் மூன்று நாள் இரண்டு வேளை சாப்பிடலாம். அங்கே நடந்து போக முடிகிறவருக்கு எங்கள் பொட்டலம் அவ்வளவு அவசியமில்லை. நடக்க முடியாதவர், மனநிலை சரியில்லாமல் ஓரிடத்தில் சுருண்டு கிடப்பவர், கண் தெரியாதவர், இவர்களுக்குத்தான் வேண்டும். அதுவும் மாதத்தில் ஒருநாள் போதாது, தினமும் வேண்டும், தெரிந்த முகமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பெரியாஸ்பத்திரி வாசலில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வீடில்லாதவர்கள் அல்ல, உள்ளே இருக்கும் நோயாளியின் வீட்டார். அவர்களை வேறு கணக்கில் வைக்க வேண்டும் என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது.

தங்குமிடம் என்ற யோசனையைக் கேட்டதும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கணக்குப் போட்டதும் நாங்களே நடத்துவதைக் கைவிட்டோம். கட்டட வாடகை, இரவும் பகலும் பார்த்துக்கொள்ளக் குறைந்தது இரண்டு பேர் சம்பளம், தண்ணீர், கழிவறைச் சுத்தம், நடுராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஓட ஆள். 10,000 ரூபாய் ஒரு வாரம் தாங்காது. அதோடு இது அரசு செய்ய வேண்டிய வேலை. நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் வலியுறுத்தியது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் அதற்கு அளவும் சொன்னது: லட்சம் மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் வசதி, ஒருவருக்கு 50 சதுர அடி. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம். அந்த அளவுப்படி பார்த்தால் 800 பேருக்கு மேல் படுக்க இடம் வேண்டும். மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்துவது வழக்கமான ஏற்பாடு. அப்படி நடக்கும் இடத்துக்குக் கைகொடுப்பதுதான் எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு ஏற்றது.

ஆனால் இடம் இருந்தும் சிலர் ஏன் போகவில்லை? இதைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. லீ பஜாரில் மூட்டை தூக்கும் ஓர் அண்ணன், சாக்கு அடுக்குக்குப் பக்கத்திலேயே படுக்கிறார். லாரி எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. "கூப்புட்ட நேரத்துக்கு ஆளு இல்லைன்னா வேலை அடுத்தவனுக்குப் போயிடும் தம்பி" என்றார். ராத்திரி கதவைப் பூட்டிவிடும் இடம் அவருக்கு உதவாது. ஜங்ஷன் பக்கம் வயதான கணவன், மனைவி. ஆண்களுக்கு ஓர் இடம், பெண்களுக்கு ஓர் இடம் என்றதும் அந்த அம்மா மறுத்துவிட்டார். "அவருக்குக் கண்ணு மங்கல். ராத்திரி எழுந்தா கைய யாரு புடிப்பா?" நான் போய்ப் பார்த்த ஒரு தங்குமிடத்தில் தரை சுத்தமாக இருந்தது, மின்விசிறி ஓடியது, பெண்கள் பகுதிக்குத் தனி வாசல். பூட்டுப் போட்டுப் பையை வைக்க அலமாரிதான் இல்லை. அங்கே நின்றபோது எனக்கு மஞ்சப்பைப் பாட்டி நினைவுக்கு வந்தார். பழைய இரும்பு லாக்கர் ஒன்று, 12 கதவுள்ளது, 9,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு மாதப் பணம் கிட்டத்தட்ட முழுதும் அதற்கே போனது. எனக்குத் தெரிந்து நாங்கள் செய்த நல்ல செலவுகளில் அது ஒன்று.

இனி வாடகை. நான் கடைசியில் இந்தப் பக்கம் சாய்ந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு குடும்பம். கணவர் கொலுசுப் பட்டறையில் பத்தவைக்கும் வேலை. வெள்ளி விலை ஏற ஏற ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றாகிவிட்டது. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஒற்றை அறை, மூலையில் சமையல் மேடை, நான்கு குடித்தனத்துக்கும் பொதுக் கழிவறை. வாடகை 3,500. மூன்று மாதம் நின்றுபோய் 10,500 பாக்கி. கொடுத்திருந்த 20,000 அட்வான்ஸிலும் முன்பே பாதி கழிந்திருந்தது. வீட்டுக்கார அம்மா காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நான்கு பேர் போனோம். அந்த அம்மா கெட்டவர் இல்லை. கணவர் தவறி ஏழு வருடம் ஆகிறது, நான்கு குடித்தன வாடகையில்தான் வாழ்கிறார். சர்க்கரை மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டினார். "எனக்கும் மாசம் பொறந்தா இதுதானே தம்பி கஞ்சி. நானும் எத்தன நாளுக்குப் பொறுக்குறது?" அவர் கையிலேயே 10,500 கொடுத்தோம். ஒரு வெள்ளைத் தாளில், எந்தெந்த மாதத்துக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். இன்னும் ஆறு மாதம் காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று அவராகவே ஒரு வரி சேர்த்தார். இப்போது ஐந்தாவது மாதம். கொலுசு வேலைக்காரர் பட்டறையோடு, மாலையில் ஒரு கூரியர் வண்டியும் ஓட்டுகிறார். குடும்பம் அதே அறையில் இருக்கிறது. பெரிய பெண் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு.

இதோடு இன்னொரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும். கிட்டத்தட்ட இதே அளவு பாக்கி, நாங்கள் கேள்விப்பட்டது ஒரு மாதம் தாமதம். அதற்குள் வீட்டைக் காலி செய்து, நான்கு இரவு குழந்தைகளோடு புதிய பேருந்து நிலையத்தில் இருந்து, பிறகு அம்மாவும் குழந்தைகளும் உறவினர் வீட்டுக்கு, அப்பா வேலை செய்யும் இடத்திலேயே படுக்கை என்று பிரிந்துவிட்டார்கள். அவர்களை மறுபடி ஓர் அறையில் சேர்க்க அட்வான்ஸ் 20,000, முதல் மாத வாடகை 3,500, டெம்போ 1,500, அடகுக்குப் போன அடுப்பையும் சிலிண்டரையும் மீட்க 2,000. மொத்தம் 27,000. முந்தியே தெரிந்திருந்தால் 10,000 சொச்சத்தில் முடிந்திருக்கும். "இதுக்கு முன்னாடி எங்க குடியிருந்தீங்க?" என்று புது வீட்டுக்காரர் கேட்கும்போது அந்த அப்பா தலை குனிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதற்கெல்லாம் எந்தக் கணக்கு?

2011 கணக்கெடுப்பில் வீடில்லாதவர்களைப் பிப்ரவரி 28 இரவு எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். அன்றிரவு ஒரு கூரைக்குக் கீழே படுத்திருந்து, மார்ச் மாதம் அதை இழந்தவர் அந்த எண்ணிக்கையில் இல்லை. தெருக்காரர்களுக்குத்தான் அவரைத் தெரியும். மளிகைக் கடையில் கடன் நோட்டு நீள்வது, பிள்ளை நாலு நாளாகப் பள்ளிக்குப் போகாதது, சிலிண்டர் வாங்காமல் விறகுக்கு மாறுவது, இதெல்லாம் எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. தெருவுக்குத் தெரியும். எங்களால் ஆகிற வேலை இது என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

இதில் தோற்றதும் உண்டு. ஒருவருக்கு 7,000 ரூபாயைக் கையில் கொடுத்தோம். அது வட்டிக்குக் கொடுத்தவரிடம் போனது, அந்த வாரமே வீடும் போனது. அவரைத் திட்டியவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒருமுறை கேட்கிறார், வட்டிக்காரர் தினமும் வாசலில் நிற்கிறார். பணம் எங்கே போகும்? அதிலிருந்து, பணம் நேராக வீட்டுக்காரரிடம்தான், இரண்டு பேர் முன்னிலையில், எழுத்தில். வட்டிக் கடன் இருந்தால் அதைத் தனியாக உட்கார்ந்து பேசுவது. திருப்பித் தர முடிந்தால் தரலாம், முடியாவிட்டால் கேட்க மாட்டோம். ஏற்கனவே கடனில் மூழ்கியவர் தலையில் நாங்களும் ஒரு கடனை வைப்பதில் அர்த்தமில்லை. ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒருமுறை. குழுவில் இருப்பவரின் சொந்தக்காரர் என்றால் அவர் முடிவெடுக்கும் இடத்தில் உட்காரக் கூடாது.

பணமே தேவைப்படாத நேரமும் வரும். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரை மிரட்ட வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த முடியாது. வெளியேற்ற வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். பாக்கிக்காக வழக்கு வந்தாலும், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டினால் வீட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒண்டுக்குடித்தனங்களில் எல்லாம் வாய்ப்பேச்சு என்பதால் இந்தப் பாதுகாப்பைப் பற்றி யாருக்கும் தெரிவதில்லை. சட்டத்தைக் காட்டி வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. மோட்டாரை நிறுத்துகிற அளவுக்குப் போனவரிடம் இதை மெதுவாக எடுத்துச் சொன்னாலே ஒரு மாத அவகாசம் கிடைக்கும்.

வேலையும் வீடும் ஒன்றாக இருக்கும் இடங்களில் வாடகை நிதியால் ஒன்றும் செய்ய முடியாது. தறிக் கொட்டகைக்காரர் கொடுத்த அறை, வேலையை விட்டால் அறையும் போச்சு. ஏற்காட்டிலும் அப்படித்தான். எஸ்டேட் லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, வேலைக்கு இருக்கும்வரைதான். முப்பது வருடம் காப்பி பறித்த ஒருவர் ஓய்வுபெற்றதும், பிள்ளைகள் யாரும் எஸ்டேட்டில் வேலைக்குச் சேரவில்லை என்பதால் லைனை விட வேண்டியதாயிற்று. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வந்தவரை ஜங்ஷனில் பார்த்தேன். "கீழ வெக்கை தாங்கல சார், மேல எடமில்ல" என்றார். மலையில் இருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்க வையுங்கள், கணக்கு முடிக்கும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் வந்ததா என்று பாருங்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊரகப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள், ஆனால் நிலம் தம் பெயரில் இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் தார்ப்பாய் தேடுவதைவிட ஒரு வருடம் முன்பு பட்டாவுக்கு நடப்பது மேல்.

நகருக்குள் அடுக்குமாடி வீடு தருவது முன்பு குடிசை மாற்று வாரியம். 1970-ல் தொடங்கியது, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கிடைத்தால் நிரந்தரத் தீர்வு. ஆனால் காத்திருக்க வேண்டும், பயனாளி பங்கு கட்ட வேண்டும், வேலையிடத்துக்கு பஸ் செலவு கூடும். நாளை மறுநாள் காலி செய்ய வேண்டிய குடும்பத்துக்கு அது பதில் ஆகாது. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

நான்காவது வழி, ஆளாகக் கூட நிற்பது. பணம் மிகக் குறைவு, நேரம் மிக அதிகம். வீதிக்கு வந்துவிட்டவருக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை. முதியோர் பென்ஷனுக்கு விலாசம் கேட்பார்கள். பிள்ளைகள் துரத்திவிட்ட பெரியவர் என்றால், 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். எழுதிக் கொடுத்த வீட்டைக்கூட, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கியிருந்தால் ரத்துசெய்ய அதில் வழி இருக்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி சொல்வார்கள். மனநிலை பாதித்து அலைகிறவரை, 2017 மனநலச் சட்டப்படி, காவல் நிலையப் பொறுப்பாளர் தம் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். இதெல்லாம் தாளில் இருக்கிறது. ஒரு ஆள் கூடப் போனால் நடக்கிறது, போகாவிட்டால் நடப்பதில்லை. நான் கண்ணால் பார்த்த வித்தியாசம் இது. ஒரு பெரியவரோடு ஐந்து முறை தாலுகா ஆபீஸ் போனேன். நான்காவது முறை வரை அவர் என்னிடம் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

இதையெல்லாம் வைத்து எங்கள் குழு எடுத்த முடிவு: மாதம் 6,500 வாடகைப் பாக்கிக்கு. இரண்டு மாதம் சேர்ந்தால் ஒரு குடும்பத்தைத் தாங்கலாம். 2,000 ரூபாயில், நடக்க முடியாத ஐந்து பேருக்கு அம்மா உணவகத்திலிருந்து தினமும் இரண்டு வேளை. மீதி 1,500 கூட அலைவதற்கு: ஜெராக்ஸ், ஆட்டோ, போட்டோ, பெட்ரோல். வீதியில் இருப்பவர்களைவிட வீட்டில் இருப்பவர்களுக்கு அதிகமாகக் கொடுக்கிறோமே என்று ஒருவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது. இன்னும் ஆள் சேர்ந்தால் முதலில் கூட்ட வேண்டியது அந்த 1,500-ஐத்தான். அமாவாசைத் தர்மம் நிற்கக் கூடாது என்று நினைத்த ஐந்து வீட்டுக்காரர்கள் 250-ஐயும் கொடுத்து, தங்கள் வீட்டில் பத்துப் பத்துப் பொட்டலம் தனியாகக் கட்டுகிறார்கள். கொடுக்கும் நாளை மட்டும் அமாவாசைக்கு அடுத்தடுத்த நாட்களாகப் பிரித்துக்கொண்டார்கள்.

பாட்டி தங்குமிடத்துக்கு இன்னும் முழுதாக வரவில்லை. பகலில் வந்து லாக்கரில் பையை வைத்துப் பூட்டி, குளித்துவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படிக்கட்டுக்கே திரும்பிவிடுகிறார். போன வாரம் இரண்டு ராத்திரி அங்கே படுத்தாராம்.

நோட்டில் இப்போது மீதி 7,400. நேற்று குகைப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். இரண்டு மாத பாக்கி, மாமியாருக்குப் பக்கவாதம், வீட்டுக்காரர் கெடு வைத்தது வருகிற பத்தாம் தேதி. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் போய்ப் பார்க்கிறோம்.